மேல்பதிவு

ஆம்புலன்ஸ் அழைப்பு மையத்தில் சர்வரில் சேரும் அழைப்புப் பதிவுகளை டேப்பில் ஏற்றிவிட்டு, சர்வரைக் காலி செய்வது தமயந்தியின் வேலை. பழைய டேப்பின் மேல் எப்போது புதிதாகப் பதியலாம் என்று அட்டவணை போட்டதும் அவள்தான். இறந்துபோன மனைவி கடைசியாக அழைத்த குரலைக் கேட்க அனுமதி வாங்கிக்கொண்டு இருதயராஜ் வந்து நின்றபோது, அந்தக் குரல் இருந்த டேப்பில் புதிய பதிவு ஏறி முடிந்திருந்தது.

"போன வாரம் வந்திருந்தாக்கூட எடுத்துக் குடுத்திருப்பேங்கய்யா."

"போன வாரம் கையெழுத்துப் போடுற ஆபீசர் லீவும்மா."

அவர் டேப்பைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இப்ப இதுல என்ன இருக்கு?"

"வேற யாரோ ஆம்புலன்ஸ் கேட்டுப் பேசுறாங்கய்யா."

"அவங்க பொழச்சாங்களா?"

தமயந்திக்குத் தெரியவில்லை. போனை வைத்த பிறகு நடப்பது எந்த டேப்பிலும் ஏறுவதில்லை.