வயரின் மறுமுனை

நாற்பது வயதுக்கு மேல் ஓஹியோவில் இரண்டு வருடக் கம்ப்யூட்டர் படிப்பில் சேர்ந்த லொரெட்டாவுக்கு, வகுப்பில் ஜோடியாக வாய்த்தவன் டேரல். எது ஓடாவிட்டாலும் அவன் கேட்பது ஒன்றுதான்: "முதல்ல வயரைச் சொருகினியா, மகராசி?" பிப்ரவரியில் பனி உறைந்த சாலையில் வண்டி சறுக்கி அவன் செத்துப்போனான்.

மே மாதச் செய்முறைத் தேர்வில், சொந்தமாகச் செய்த வயரால் ஜோடியின் இரண்டு கம்ப்யூட்டர்களை இணைக்க வேண்டும். ஒன்று கூப்பிட்டால் மற்றது பதில் தர வேண்டும். லொரெட்டா தனியாகவே எட்டு இழைகளையும் நிறவரிசையில் அடுக்கி வயர் செய்தாள். டேரலின் கம்ப்யூட்டரைக் கூப்பிட்டாள். திரையில் பதில் வந்தது, வந்துகொண்டே இருந்தது.

"பின்னிட்டியேம்மா! நீ பாஸு," என்று சொல்லி ஆசிரியர் ப்ரூயிட் நகர்ந்தார்.

பையை எடுக்கக் குனிந்தாள். வயரின் மறுமுனை மேசைக்கடியில் தொங்கிக்கொண்டிருந்தது. டேரலின் கம்ப்யூட்டரில் அவள் அதைச் சொருகவே இல்லை. மேலே பதில்கள் இன்னும் வந்தபடி இருந்தன.

"சொருகறேன்டா, கத்தாதே," என்று பழக்கதோஷத்தில் முணுமுணுத்துச் சொருகினாள்.

பதில் நின்றது.

வெடுக்கென்று பிடுங்கினாள். பதில் திரும்ப வரவில்லை.