கடைசி முடிச்சு

தூக்கணாங்குருவி ஒன்று கூடு பழுதுபார்க்கும் கடை வைத்திருந்தது. நார் கிழிப்பதும் பின்னுவதும் மைனாவின் வேலை. கடைசி முடிச்சை மட்டும் முதலாளி முதுகைத் திருப்பிக்கொண்டு தானே போடும். சொல்லிக்கொடுத்தால் மைனா எதிரிலேயே கடை போட்டுவிடும் என்று பயம்.

ஒரு மழை நாளில் முதலாளியின் அலகில் அடிபட்டது. நாரைப் பிடிக்க முடியவில்லை. அந்த நேரம் பார்த்துத் தேன்சிட்டு வந்து நின்றது.

"அண்ணே, கூடு ஒத்தை நாரில் தொங்குது. உள்ளே முட்டை இருக்கு."

தூக்கணாங்குருவி முதுகைத் திருப்பாமல் மைனாவிடம் சொன்னது: "கிளையைச் சுற்றி, நாருக்கு அடியில் விட்டு, பின்பக்கமா இழு."

கூடு தப்பியது.

மறுநாளும் மைனாதான் முடிச்சுப் போட்டது. முதலாளி ஒட்டி நின்று எட்டிப் பார்த்தது.

"வெளிச்சத்தை மறைக்கிறீங்க அண்ணே. கொஞ்சம் அப்படி உட்காருங்க."

கடை திறந்த நாளிலிருந்து அன்றுதான் தூக்கணாங்குருவி உட்கார்ந்தது.