ருசி பார்ப்பவர்

புதுச் சரக்கிலிருந்து ஒரு சுருட்டைக் கொல்லையிலிருந்த ஐயாவுக்கு ருசி பார்க்கக் கொடுத்துவிட்டு, உறையூர் சுருட்டுக் கம்பெனி முதலாளி வீரமலை வியர்க்க உட்கார்ந்திருந்தார். லண்டன் துரைக்காகச் சரக்கெடுக்க வந்த ஸ்ரீரங்கத்து ஏஜென்ட் பராசரன், கொல்லைப் பக்கம் எழும் புகையையே பார்த்தார்.

"வாசனை பிரமாதமா இருக்கே. உங்க ஐயா ஒண்ணும் சொல்லலியே?"

"அவர் பேசமாட்டாருங்க. சுருட்டு நடுவுல அணைஞ்சா மொத்தத்தையும் பிரிச்சுத் திரும்பச் சுத்தணும். கடைசிவரை எரிஞ்சாத்தான் கப்பலுக்குப் போகும்."

"தாட்சண்யமே கிடையாதோ?"

"எங்கப்பா சுத்தினதையே தள்ளியிருக்கார்."

புகை நின்றது. உள்ளே ஓடிய வீரமலை கண் கலங்கத் திரும்பினார். "முழுசா எரிஞ்சிடுச்சுங்க. சாம்பல்கூட உதிரலை."

"அப்பேர்ப்பட்ட ரசிகரை ஒருதரம் பார்த்துட்டுப் போறேனே."

"வாங்க. செருப்பை இங்கேயே விட்டுடுங்க."

வேப்பமரத்தடியில் அரிவாளும் முறுக்கு மீசையுமாகக் கருப்பசாமி நின்றிருந்தார். கல் உதட்டில் விரல் நீள வெண்சாம்பல் வளையாமல் நின்றது.

"யாரும் இழுக்காமலா இது இப்படி எரிஞ்சது?" என்றார் பராசரன், மெல்ல.

"நெருப்பு வைக்கிறதோட எங்க வேலை முடிஞ்சுதுங்க."

பராசரனின் தோளிலிருந்த அங்கவஸ்திரம் தானாக இடுப்புக்கு இறங்கியது.