வெள்ளை லேஸ்

ஹைக்கோ பேசத் தொடங்கியதும் பள்ளி அரங்கில் இருந்த பிள்ளைகள் கைப்பேசிகளை உள்ளே வைத்தார்கள். நான் கத்தினால்கூடக் குப்பையைத் தொட்டியில் போடாத பிள்ளைகள்.

இந்தப் பள்ளியில் நாற்காலி போடுவது, விளக்கு மாற்றுவது எல்லாம் என் வேலை. அவனுக்குத் தண்ணீர் கொண்டுபோய் வைத்ததும் நான்தான்.

அவன் எங்கள் கதையைச் சொன்னான்.

பெர்லின் சுவர் இடிந்து, ஊரில் ஆலைகளும் மூடிய பிறகு ஒரு கார் கொட்டகையில் ஐந்து பேர் ஆரம்பித்த கூட்டம். பெயர் 'எல்லைக் காவல்'. இரண்டே வருடத்தில் இருநூறு பேர் ஆனோம். மொட்டைத் தலையும் பூட்ஸுமாக நாங்கள் தெருவில் இறங்கினால் வெளிநாட்டுக்காரர்கள் கடையைச் சாத்தினார்கள். பிறகு அரசாங்கம் தடை போட்டது. பாதிப் பேர் ஜெயிலுக்குப் போனார்கள், மீதிப் பேர் முடி வளர்த்துக்கொண்டார்கள். ஜெர்மனியைக் காப்பாற்ற வந்த தலைவர் இப்போது சோலார் தகடு விற்கிறார்.

பிள்ளைகள் சிரித்தார்கள். அந்தச் சோலார் நக்கல் என்னுடையது. போன மாதம் பீர் குடிக்கும்போது அவனிடம் சொன்னேன்.

எனக்கு அவன்மேல் எப்போதும் பொறாமைதான். தலைவரின் காரில் முன் சீட்டு அவனுக்கு. பின்னால் மூன்று பேரோடு நசுங்கிக்கொண்டு போவது நான்.

கூட்டத்தில் எல்லோருக்கும் கறுப்பு லேஸ். பெரிய காரியம் செய்தவனுக்கு மட்டும் தலைவரே குனிந்து பூட்ஸில் வெள்ளை லேஸ் கோத்துவிடுவார். வியட்நாம் தொழிலாளர் விடுதி எரிந்த மறுநாள், முதல் வெள்ளை லேஸ் ஹைக்கோவுக்குக் கிடைத்தது. நான் கை தட்டினேன். வயிறு எரிந்தது.

அதைக் கட்டிக்கொண்டு அவன் ஊரெல்லாம் நடந்தான். கறுப்பு லேஸ்காரன் திடீரென்று வெள்ளைக்கு மாறினால் என்ன அர்த்தம் என்று போலீசுக்குத் தெரியாதா? ஒரே வாரத்தில் பிடித்தார்கள். ஆறு வருடம்.

"அன்னைக்கு நாங்க ரெண்டு பேர் போனோம், கையில ஆளுக்கு ஒரு பெட்ரோல் பாட்டில். கூட வந்தவன் யாருன்னு கோர்ட்டுலயே சொல்லல, இப்பவும் சொல்ல மாட்டேன். ஆனா ஜன்னலுக்குள்ள போனது என்னோட பீர் பாட்டில்தான்" என்றான் ஹைக்கோ.



முன்வரிசையிலிருந்து லியென் எழுந்தாள். கடைத்தெருவில் பூக்கடை வைத்திருப்பவள். அவளுடைய இடது கை விரல்கள் அந்த விடுதித் தீயில் வெந்து ஒன்றோடொன்று ஒட்டிப்போனவை. உள்ளூரில் கடை இருந்தும், என் மனைவியின் பிறந்தநாளுக்கு இருபத்தைந்து வருடமாக நான் பஸ் ஏறிப் பக்கத்து ஊரில்தான் பூ வாங்குகிறேன்.

அவள் மேடை ஏறி, அந்தக் கையாலேயே அவன் கையைப் பிடித்தாள்.

"மன்னிச்சுட்டேம்ப்பா. இனிமே நீயும் நிம்மதியா இரு."

ஹைக்கோ குழந்தையைப்போல அழுதான். அவள் அவன் தலையைத் தடவிக்கொடுத்தாள். எல்லோரும் எழுந்து கை தட்டினார்கள்.

முன் சீட்டுக்கோ வெள்ளை லேஸுக்கோகூட நான் அப்படி வெந்துபோனதில்லை. ஓடிப்போய் அந்தக் கையைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது.

இறங்கி வந்தவள் என் அருகில் நின்று, அந்தக் காலத்தில் அவரைத் தெரியுமா என்று கேட்டாள்.

நான் இங்கே நாற்காலி போடுகிறவன் என்று சொன்னேன்.

அவள் போன பிறகு ஒவ்வொரு நாற்காலியாக மடக்கினேன்.

அன்று அவனுடைய பீர் பாட்டில் சுவரில் பட்டுச் செடிக்குள் விழுந்து அணைந்துபோனது. ஜன்னலுக்குள் போனது ஆப்பிள் சாறு பாட்டில். என் மனைவி கழுவிக் கவிழ்த்து வைத்திருந்ததை நான்தான் எடுத்துக்கொண்டு போனேன்.