பத்தாவது ஆள்

"ஐயோ, என் கால் போச்சே! யாராவது வந்து காப்பாத்துங்களேன்!"

"கொஞ்சம் மெதுவா உருளுங்க அண்ணே. ரத்தமெல்லாம் அழியுது பாருங்க" என்றாள் பயிற்சி நர்ஸ்.

தரையில் கிடந்தவர் அலறலைச் சட்டென்று நிறுத்திவிட்டு, முழங்காலில் பூசியிருந்த சிவப்புச் சாயத்தைக் கவலையோடு பார்த்துக்கொண்டார். அடுத்த தெருவில் தையல் கடை வைத்திருப்பவர். கழுத்தில் தொங்கிய அட்டையில் 'கால் எலும்பு முறிவு' என்று எழுதியிருந்தது.

நர்ஸ் பரீட்சைக்காக, அவரைப் போல ஆஸ்பத்திரி வராந்தாவில் மொத்தம் பத்துப் பொய் நோயாளிகள். ஒவ்வொருவரையும் சோதித்து, அவசரத்துக்குத் தக்கபடி சிவப்பு, மஞ்சள், பச்சைப் பட்டை கட்ட வேண்டும். இருபது நிமிடம்தான். சிகிச்சையை வாயால் சொன்னால் போதும். ஊசி, மருந்தைத் தொட்டால் ஃபெயில்.

ஏற்கெனவே இரண்டு முறை ஃபெயிலானவள் அவள். ஒவ்வொருவரிடமும் நின்று நிதானமாகப் பேசியே நேரத்தை விட்டுவிட்டாள். கூடப் படித்தவர்கள் 'ஆமை' என்று பெயரே வைத்துவிட்டார்கள். இதுதான் கடைசி வாய்ப்பு. இதையும் கோட்டைவிட்டால் அவசரப் பிரிவு வேலையை மறந்துவிட வேண்டியதுதான்.

"பரீட்சை வைக்கிற பெரிய டாக்டர் வெளியூர்லேருந்து வந்துட்டாராம். எங்கேயாவது நின்னு பாத்துக்கிட்டிருப்பார். ம், சீக்கிரம்!" என்று வாசலில் கடிகாரத்தோடு நின்ற தலைமை நர்ஸ் விரட்டினாள்.

எங்கே நிற்கிறார் என்று தேடவே வேண்டியிருக்கவில்லை. மாடிப்படித் திருப்பத்தில் கண்ணாடி போட்ட ஒருவர், அவளைப் பார்ப்பதும் கையிலிருந்த தாளைப் பார்ப்பதுமாக நின்றார். அவள் ஓட்டமும் நடையுமாக ஒன்பது பேரை முடித்துவிட்டாள். இன்னும் ஐந்து நிமிடம் மிச்சம்! ஆமையா நான் என்று மனசு துள்ளியது.

பத்தாவது ஆள் கடைக்கோடி பெஞ்சில் சாய்ந்து கிடந்தார்.

"டிரைவர்... இங்கேயே நிறுத்துப்பா... நான் இறங்கணும்..."

"பிரமாதமா நடிக்கிறீங்க ஐயா! உங்க அட்டை எங்கே?"

நாடி பார்க்கக் கையைப் பிடித்தாள். பகீரென்றது. கை சில்லிட்டு நடுங்கியது, சட்டை தொப்பலாக நனைந்திருந்தது. இந்த வியர்வையை யாரும் பூசிவிட முடியாது.

"காலையில ஏதாவது சாப்பிட்டீங்களா?"

"சர்க்கரை மாத்திரை... போட்டேன்... பஸ்ஸு போயிடும்னு..."

சிவப்புப் பட்டையைக் கட்டி, சிகிச்சையை வாயால் சொல்லிவிட்டு நகர்ந்தால் பாஸ். படிக்கட்டை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தாள். கண்ணாடிக்காரர் அவளையேதான் பார்த்துக்கொண்டிருந்தார். அழுகை முட்டிக்கொண்டு வந்தது. பரீட்சை போனால் போகிறது என்று பக்கத்திலிருந்த மருந்துப் பெட்டியைத் திறந்து, அவர் விரல் நுனியில் ஊசியைக் குத்தினாள். சர்க்கரை வெறும் நாற்பத்திரண்டு!

"விழுங்க முடியுதா ஐயா? இதைக் குடிங்க. இன்னும் ஒரு வாய்... அப்படித்தான்." குளுக்கோஸைத் தண்ணீரில் கரைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகப் புகட்டினாள். மணி அடித்தது. அவள் அசையவில்லை. மறுபடி சோதித்துச் சர்க்கரை ஏறியதைப் பார்த்த பிறகுதான் அவளுக்கு மூச்சே வந்தது.

தலைமை நர்ஸ் ஓடி வந்தாள். "அடிப்பாவி, ஊசியைத் தொடாதே தொடாதேன்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேனே!"

கண்ணாடிக்காரரும் படியிறங்கி வந்தார். அவள் எழுந்து அவர் எதிரில் நின்றாள்.

"ஐயா, இவருக்கு நிஜமாவே சர்க்கரை இறங்கிடுச்சு. திரும்ப நடந்தாலும் இதைத்தான் செய்வேன். ஃபெயில் போடறதுன்னா போட்டுக்குங்க."

"நான் எங்கேம்மா ஃபெயில் போடறது?" அவர் திருதிருவென்று விழித்தபடி, சட்டைக்குள்ளிருந்து ஓர் அட்டையை வெளியே இழுத்தார். "பத்தாம் நம்பர் நோயாளியே நான்தான். படிக்கட்டுல மயங்கி விழணும்னு எழுதிக் கொடுத்தாங்க. எப்ப விழறதுன்னு தெரியாம, அப்பலேருந்து நின்னுக்கிட்டிருக்கேன்."

"அப்போ இவர் யாரு?" தலைமை நர்ஸ் பெஞ்சைப் பார்த்தாள்.

பெஞ்சிலிருந்தவர் மீசையில் ஒட்டிய குளுக்கோஸைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"அந்த மார்க் ஷீட்டை இப்படிக் கொடுங்க சிஸ்டர். இப்பதான் கை நடுங்காம எழுத வருது" என்றார் வெளியூர்ப் பெரிய டாக்டர்.