இரண்டாவது நினைவு

வர முடியாத நண்பனுக்குப் பதிலாக ஸ்கேன் இயக்க வந்தவன் கண்ணாடி அறையில் உட்கார்ந்தபோது, ஆள் ஏற்கெனவே இயந்திரத்துக்குள் படுத்திருந்தான். பாதங்கள் மட்டும் தெரிந்தன.

"ரெண்டு சம்பவம் சொல்வார். ஒண்ணு நிஜம், இன்னொண்ணு பல தடவை சொல்லிப் பழகின பொய். மூளை ரெண்டையும் எப்படி வச்சிருக்குன்னு பார்க்கணும்," என்றார் ஆராய்ச்சிக்குப் புதிதாக வந்திருந்த டாக்டரம்மா.

ஒலிபெருக்கியில் குரல் வந்தது.

"சின்ன வயசுல சைக்கிளோட சாக்கடையில விழுந்தேன். அப்புறம்... அக்கா ஆஸ்பத்திரியில சாகறப்போ நான்தான் கையைப் பிடிச்சிட்டிருந்தேன். ‘அவர் சாப்பிட்டாரா’ன்னு கேட்டுட்டுக் கண்ணை மூடினா."

இயக்குபவனின் விரல் பொத்தான்மேல் அப்படியே நின்றது.

படங்கள் வந்தன. டாக்டரம்மா அவன் பக்கம் திரும்பினார். "ரெண்டாவதுதான் பளிச்சுனு இருக்கு. எது நிஜம்னு நினைக்கறீங்க?"

"ரெண்டாவதுதான் மேடம். சத்தியமா."

டாக்டரம்மா சிரித்துக்கொண்டே மைக்கைத் திறந்தார். "தம்பி, எது பொய்?"

"அக்கா விஷயம்தான் மேடம். நான் கான்டீன்ல போனை நோண்டிட்டிருந்தேன். திரும்பி வந்தா எல்லாம் முடிஞ்சுபோச்சு. அவ வீட்டுக்காரர் ஓடி வந்து, கடைசியா என்ன சொன்னான்னு கேட்டார். வாயில வந்ததைச் சொல்லிட்டேன். மனுஷன் இன்னிக்கு வரைக்கும் அதைப் பிடிச்சுக்கிட்டுதான் நடமாடறார்."

"பாவம்! சரி, அவரை வெளியே எடுங்க."

அவன் உள்ளே போய்ப் படுக்கையை வெளியே இழுத்தான். தலைக்கவசத்தைக் கழற்றியதும், படுத்திருந்தவன் சட்டென்று எழப் பார்த்தான்.

"மாமா... இன்னிக்கு உங்களுக்கு லீவுன்னாங்களே!"

"உடனே எழுந்தா தலை சுத்தும், மாப்ளே." எல்லோரிடமும் சொல்வதைத்தான் சொன்னான். "மெதுவா இறங்கு."