ஒரு நொடி தள்ளி

கட்டிலருகே ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார் அந்தச் சிரிப்பு நடிகர். என்ன பேசுவதென்று தெரியவில்லை.

ஊரையே சிரிக்கவைக்கிற வாய்.

படுத்திருந்த சேர்மக்கனி அவரையே பார்த்துக்கொண்டிருந்தான். பக்கவாதம் வந்து நான்கு மாதம். பேச்சு முழுக்கப் போய்விட்டது.

தூத்துக்குடிப் பக்கம் கோயில் கொடைத் திருவிழாக்களுக்கு இருவரும் ஒரே சைக்கிளில் போய் மேடையேறியவர்கள். நடுவில் ஒரு மைக். கூட்டம் சிரித்து ஓயும்வரை அதன் இருபுறமும் மூச்சுவாங்கி நிற்பார்கள். முகத்தில் அப்பிய பவுடர் வேர்வையில் கரைந்து காலருக்குள் இறங்கும்.

சென்னையிலிருந்து வந்த டைரக்டர், "ஒருத்தர் போதும்" என்றார்.

இவர் கிளம்பினார். சேர்மக்கனிதான் ரயிலேற்றிவிட்டான்.

எண்பது படங்கள். இப்போது ஏசி அரங்குகளில் தனியாக நின்று ஒன்றரை மணி நேரம் சிரிக்கவைக்கிறார். கொடை மேடைகளில் செய்த அந்த ஆஸ்பத்திரி காமெடியை மட்டும் எங்கேயும் செய்ததில்லை.

அதற்கு இரண்டு பேர் வேண்டும்.

இன்று ஏனோ அதில் நோயாளியாக வரும் தன் வசனம்தான் வாயில் வந்தது.

"யோவ் கம்பவுண்டரு... டாக்டர் எங்க?"

சேர்மக்கனியின் உதடு ஒரு பக்கமாகக் கோணியது. சத்தம் வரவில்லை.

கேட்டிருக்கக் கூடாது. எழுந்துவிடலாமா என்று பார்த்தார்.

"அவருக்கு ஒடம்பு சரியில்ல. டாக்டரப் பாக்கப் போயிருக்காரு."

அடுப்படி வாசலில் காபி டம்ளரோடு சேர்மக்கனியின் மனைவி ராஜகனி நின்றாள்.

"அவுக படுக்கையில விழுறவரைக்கும் வீட்டுல தெனமும் இந்தக் கூத்துதாண்ணே. முப்பது வருசமா ஒங்க வசனத்த நாந்தான் சொல்லுவேன். அவுக வசனத்தச் சொன்னது இன்னிக்குத்தான்."

அவர் சிரிக்கப் பார்த்தார். முடியவில்லை.

கட்டிலிலிருந்து ஓர் உறுமல். சேர்மக்கனி தலையை இப்படியும் அப்படியும் ஆட்டினான். முகத்தில் நல்ல கோபம். இடது கையை மெல்லத் தூக்கி ஒரு விரலை நிறுத்திக் காட்டினான்.

ராஜகனி திகைத்துப்போய் நின்றாள். அவருக்குப் புரிந்துவிட்டது.

அவசரப்பட்டுவிட்டாள். அந்த இடத்தில் கம்பவுண்டர் நோயாளியை மேலும் கீழும் ஒரு பார்வை பார்ப்பான். கூட்டம் அடங்கும். அப்புறம்தான் பதில்.

"அவன் வெரலப் பாரும்மா. எறக்குன பொறவு சொல்லு."

கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"யோவ் கம்பவுண்டரு... டாக்டர் எங்க?"

விரல் உயர்ந்து நின்றது.

ராஜகனி டம்ளரைக் கீழே வைக்கவும் மறந்து, அந்த விரலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.